தாட்சாயினி கையெழுத்து வைக்காத கொதிகலன்

கொதிகலனின் பக்கத்தகட்டில் அப்பியிருந்த சந்தனத்தையும் திருநீற்றையும் தாட்சாயினி தின்னரில் நனைத்த துணியால் ஒரே இழுவையில் துடைத்தாள். அரிசி ஆலைக்குள் நின்ற பதினான்கு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

“எடடி கையை!” சங்கத் தலைவர் செல்வநாயகத்தின் குரல்தான் மேலே நின்றது. அவர் அவளுக்கு மாமா முறை. “ஐயர் பூசை செய்து பொட்டு வைச்ச சாமானை இப்பிடியே தொடுறது? முழுகிப்போட்டே வந்தனீ?”

“நான் முழுகிப்போட்டுத்தான் வந்தனான் மாமா. உங்கட பொயிலருக்குத்தான் முழுக்கு வேணும். வெல்டிங் ஒட்டுக்கு மேல பெயின்ற், பெயின்றுக்கு மேல சந்தனம். இதுக்குள்ள நான் என்னத்தைப் பாக்கிறது?”

“பாக்கச் சொல்லி ஆர் கேட்டது? கையெழுத்துப் போடத்தானே கூப்பிட்டது.”

அவர் பொய் சொல்லவில்லை. வட்டக்கச்சி விவசாயிகள் சங்கத்தின் ஆலையில் நெல் அவிக்கும் கொதிகலன் மார்கழியில் வெடிப்பு விட்டு நீராவி கக்கியது. திருத்தப் பணம் கொடுத்த வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒரு நிபந்தனை வைத்தது: திருத்தியவன் அல்லாத, சான்றிதழ் உள்ள ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே நெருப்பு மூட்டலாம். அப்படியொரு சான்றிதழ் வைத்திருந்தவர் அந்தப் பக்கத்தில் தாட்சாயினி ஒருத்திதான். எங்கட பிள்ளைதானே என்று சங்கம் நிம்மதியாக இருந்துவிட்டது. மாசியில் ஒரு வெள்ளி காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு நெருப்பு வைக்க நல்ல நேரம் எடுத்தார்கள். அவள் பார்க்க வருவது வியாழன் பின்னேரம் என்று தெரிந்தும், புதன் மாலையே பதினொரு வீட்டு நெல்லை, எழுபது மூட்டை, சீமெந்துத் தொட்டிகளில் ஊறப்போட்டும் விட்டார்கள். ஊறிய நெல் இரண்டு நாள் பொறுக்கும். மூன்றாம் நாள் புளிக்கும். காலபோக அறுவடையில் வந்த நெல்லில் ஒரு பகுதி இப்போது அவளுடைய பேனைக்குக் காத்துக் கிடந்தது. அதில் ஒன்பது மூட்டை அவளுடைய அக்கா கமலாசனியுடையது.

தாட்சாயினிக்கு நாற்பத்தொரு வயது. வட்டக்கச்சியில் பிறந்து, இடம்பெயர்ந்து, போர் முடிவில் முகாமின் முள்கம்பிக்குள் ஒரு வருடம் இருந்து, திரும்பி வந்தபோது வீட்டில் கூரை இல்லாததைக் கண்டவள். இதில் அவளுக்கென்று தனியாக ஒன்றுமில்லை. ஊரில் எல்லோருக்கும் அதே கதைதான். அவளுக்கென்று இருந்தது பிறகு வந்தது. தையல் பழகச் சொன்னார்கள். அவள் கிளிநொச்சியில் வெல்டிங் பழகப் போனாள். இருபத்திரண்டு பேர் வகுப்பில் ஒரே பெண். படலைகளும் சைக்கிள் தாங்கிகளும் ஒட்டிக்கொண்டிருந்தவள், முகவர் ஒருவர் மூலம் வளைகுடா நாடொன்றுக்குப் போய், அங்கே ஓர் அணுமின் நிலையத்தின் பழுதுபார்க்கும் பிரிவில் சேர்ந்தாள். முதல் இரண்டு வருடம் கருவிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கினாள். பரீட்சைகள் எழுதி மூன்றாம் வருடம் சரிபார்ப்பவள் ஆனாள்.

வேலை சொல்வதற்கு எளிது. பழுதான பம்பையோ வால்வையோ ஒருவன் திருத்துவான். அவனுடைய வேலைத்தாளில் சில வரிகளில் கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டுக்கு வந்ததும் அவன் கையை எடுத்துவிட்டு நிற்க வேண்டும். அவள் வந்து, பார்த்து, அளந்து, கையெழுத்திட்டால்தான் அடுத்த ஆணியைத் தொடலாம். அவளை ஒருவருக்கும் பிடிக்காது. பிடிக்கவும் கூடாது என்றுதான் அந்த வேலையை அமைத்திருந்தார்கள்.

ஒருமுறை அவளே பிழை விட்டாள். நோன்பு மாதம். வேலையாளுக்கு வீட்டுக்குப் போக அவசரம். குழாயின் உட்புறத்தை நேரில் பார்க்காமல், அவன் தொலைபேசியில் காட்டிய படத்தைப் பார்த்துக் கையெழுத்திட்டாள். இரண்டு நாள் கழித்து அந்தக் குழாய்க்குள் ஒரு துடைப்புத் துணி கிடந்தது. தண்ணீர் ஓட முன்னர் கண்டதால் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. விசாரித்த அதிகாரி ஏசவில்லை. “நீ பார்த்தாயா, நம்பினாயா?” என்று மட்டும் கேட்டார். ஆறு மாதம் அவளைக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்க விட்டார்கள். அதற்குப் பிறகு அவள் தன் அக்காவின் சொல்லைக்கூட நம்பி ஒன்றிலும் ஒப்பமிட்டதில்லை.

ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்து இரண்டு வருடம். கிழமையில் மூன்று நாள் வெல்டிங் படிப்பித்தாள். தேநீர்க் கடையில் ஒரு கிழவர் சொன்ன பகிடிதான் அவளுக்குப் பேராக நின்றது. “இந்த வன்னியில விழாமல் மிச்சம் இருந்த குண்டு அது ஒண்டுதான். அதையும் இவள் பெட்டிக்குள்ள வைச்சுக் கொண்டந்திட்டாள்.” அன்றிலிருந்து அவள் அணுகுண்டு.

பெயின்றைச் சுரண்டி எடுத்த பிறகு, பையிலிருந்து மூன்று டின்களை வெளியே வைத்தாள். ஒன்று கழுவுவதற்கு. இரண்டாவது சிவப்புச் சாயம். ஒட்டின் மேல் அடித்து இருபது நிமிடம் விட்டால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புக்குள்ளும் இறங்கிவிடும். மேலே நிற்பதைத் துடைத்துவிட்டு மூன்றாவது டின்னிலிருந்து வெள்ளைப் பூச்சை விசிறினாள். உள்ளே இறங்கிய சிவப்பு, வெள்ளைக்கு ஊறி வரும்.

“திருநீற்றை அழிச்சுப்போட்டுத் தானே பூசுறாள்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரித்தார்கள்.

வெள்ளையின் நடுவே தலைமயிர் அளவில் ஒரு சிவப்புக் கோடு எழுந்தது. மெல்ல மெல்ல நீண்டு சுண்டுவிரல் அளவில் நின்றது. சிரிப்பு நின்றுவிடவில்லை; கொஞ்சம் குறைந்தது.

“அது பெயின்ற் கீறல்,” என்றான் ஒட்டு வைத்த லக்ஷன். முப்பது வயது, ஊரில் உழவு இயந்திரம் முதல் தேர்ச்சில்லு வரை எல்லாம் அவன்தான் ஒட்டுவான்.

“பெயின்றை முழுக்க எடுத்துப்போட்டுத்தானே அடிச்சனான். தம்பி, பழைய வெடிப்பைக் கிறைண்டரால வெட்டி எடுத்துப்போட்டே ஒட்டினனீ?”

“ஏன் வெட்ட? அதுக்கு மேல இரண்டு ஓட்டம் ஓட்டினனான். இரும்பை விட இறுக்கம்.”

உள்ளே சீழ் இருக்கப் புண்ணின் வாயைத் தைத்த வேலை அது. மேலே காய்ந்திருக்கும், உள்ளே ஓடும். அவள் அதை அப்படியே சொன்னாள்.

“அக்கா இப்ப டொக்டரும்,” என்றான் லக்ஷன். “நாங்கள் சோதிக்காமல் விடேல்லை. கொம்பிறெசரால காத்தடிச்சு, சவர்க்கார நுரை பூசிப் பாத்தனாங்கள். ஒரு குமிழி வரேல்லை.”

“சைக்கிள் ரியூப்பே இது? எத்தினை அமுக்கத்துக்கு அடிச்சனீங்கள்?”

“முப்பது.”

“இது வேலை செய்யிறது நூறில. நல்ல காலம் முப்பதோட விட்டியள். காத்து அமுங்கி நிக்கும். தகடு விட்டுதெண்டா குண்டு மாதிரி வெடிக்கும். தண்ணி அமுங்காது. தகடு விட்டாலும் சீறிப்போட்டு நிண்டிடும். நாளைக்குக் காலமை கைப்பம்பு கொண்டு வாறன், தண்ணியை நிரப்பி நூற்றைம்பதுக்கு அடிச்சுப் பாப்பம். நிண்டுதெண்டா, இந்தக் கோட்டையும் எழுதி, ஒரு போகத்துக்கு மட்டும் எண்டு கையெழுத்துப் போடுறன்.”

“நாளைக்கு ஒன்பது பத்துக்கு நேரம்,” என்றார் செல்வநாயகம். “அதை விட்டா புதன்கிழமை. புதன் மட்டுக்கும் நெல்லு உன்ர வாயைப் பாத்துக்கொண்டு கிடக்குமோ? கையெழுத்துத்தானே பிள்ளை, உயிரையே கேக்கிறம்?”

“ஓம். அப்புத்துரை அண்ணையின்ர உயிரை.”

எல்லோரும் அப்புத்துரையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கொதிகலன்காரர். பத்தொன்பது வருடமாக நெருப்புக் கதவுக்கு முன்னால் நின்று உமி தள்ளியவர். வலப்புருவம் கருகிக் கருகி இப்போது முளைப்பதே இல்லை. வெற்றிலையைத் துப்பினார்.

“என்ர உயிருக்கு நீ கணக்குப் பாக்காதை. சண்டையில செல்லடிக்குத் தப்பின உயிர் இது. எனக்குச் சாத்திரம் சொல்ல நீ ஆர்?”

அவள் சிவப்பு அட்டை ஒன்றை எழுதி நெருப்புக் கதவின் பிடியில் கட்டினாள். அணுமின் நிலையத்தில் என்றால் பிரதம பொறியியலாளரும் அந்த அட்டையைத் தாண்ட மாட்டார். இங்கே லக்ஷன் அதைப் பிய்த்து உமிக் குவியலில் எறிந்தான். இரண்டாவதைக் கட்டினாள். அதையும் பிய்த்தான். மூன்றாவதை எடுக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் சாத்தியிருந்த குசினிக் கதவைத் தள்ளித் திறந்தாள்; அக்கா அடுப்புக்கு முன்னால் நின்றாள். அக்காவுக்குச் செய்தி முன்னமே வந்துவிட்டது.

“ஒன்பது மூட்டை,” என்றாள் கமலாசனி, திரும்பிப் பார்க்காமல். “உன்ர சிவப்புக் கோட்டை அவிச்சுத் தின்னுவமே?”

“தண்ணி அடிச்சுப் பாக்க ஒரு மணித்தியாலம். அதைத்தான் கேக்கிறன்.”

“மாமாவுக்கு ஊருக்கு முன்னால மரியாதை இல்லாமல் செய்துபோட்டு வந்து நிக்கிறாய். அங்க சம்பளத்துக்குப் பிழை பிடிச்சனீ. இஞ்ச ஆருக்குப் பிடிக்கிறாய்?”

“சம்பளம் இல்லாட்டியும் வெடிச்சா வெடிச்சதுதான் அக்கா.”

“வெடிக்காட்டி?”

வெடிக்காமலும் போகலாம். அந்த ஒட்டு இந்தப் போகம் நிற்கலாம். ஐந்து போகமும் நிற்கலாம். தாட்சாயினிக்கு அது நன்றாகத் தெரியும். வெளியே சொன்னால் அடுத்த நிமிடம் பேனையை நீட்டுவார்கள் என்பதும் தெரியும். தொட்டிக்குள் கிடக்கும் நெல்லை ஒருமுறை நினைத்தாள். நெருப்புக் கதவுக்கும் அப்புத்துரைக்கும் இடையில் இருக்கும் இரண்டு முழத்தையும் நினைத்தாள். கமலாசனி சோற்றுக் கோப்பையை மேசையில் தள்ளினாள். குழம்பு சிந்தியது. இரண்டு பேரும் துடைக்கவில்லை.

வெள்ளி காலை ஆறரைக்கு, குழாய் வேலைக்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கிய கைப்பம்பைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஆலைக்குப் போனாள். வாசலில் வாழை கட்டியிருந்தார்கள். திருஷ்டிக்கு வெட்ட நீற்றுப்பூசணி தயாராக இருந்தது. செல்வநாயகம் பட்டு வேட்டியும் சால்வையுமாகப் படலைக்குக் குறுக்கே நின்றார்.

“உள்ள கால் வைக்காதை.”

“ஒன்பதுக்கு முன்னம் முடிப்பன் மாமா. தண்ணி நிண்டா எட்டரைக்குக் கையெழுத்து.”

“உன்ர கையெழுத்து இல்லாமலே வைப்பம். அந்த வெள்ளைக்காரங்களுக்குப் பிறகு சமாதானம் சொல்லலாம்.”

“அப்ப ஆர் நெருப்பு வைக்கிறது?” என்று கேட்டது அப்புத்துரை. உமிக் குவியலில் சாய்ந்திருந்தவர் எழும்பி வந்தார். “என்னைக் கேட்டியளே? விடுங்கோ தலைவர் இவளை. நானே பம்படிக்கிறன். கோடு, மயிர் எண்டு இவள் சொன்னதெல்லாம் பொய்யெண்டு ஊருக்கு முன்னால காட்டிப்போட்டுத்தான் நெருப்பு வைப்பன். இல்லாட்டி வருசம் முழுக்க எனக்குப் பின்னால நிண்டு ஆராவது வெடிக்கும், வெடிக்கும் எண்டு பகிடி பண்ணிக்கொண்டிருப்பான்.”

அவரை விட்டால் அந்தக் கதவைத் திறக்க வேறு ஆள் இல்லை. செல்வநாயகம் விலகினார்.

அமுக்கம் ஏற ஏறத் திறந்துவிடாதபடி பாதுகாப்பு வால்வின் வாயை இரும்புத் தட்டால் அடைத்தாள். கிணற்று நீரை நிரப்பினார்கள். உச்சிக் குழாயால் காற்று முழுவதும் போய்த் தண்ணீர் வழியும்வரை விட்டு, பிறகு அதையும் பூட்டினாள். அப்புத்துரை நெருப்புக் கதவடியில், தான் எப்போதும் நிற்கும் இடத்தில், பம்பை வைத்துக் குந்தினார். கோட்டில் கண் வைத்தபடி இருபது பேர் நெருக்கி நின்றார்கள்.

“அறுபது,” என்றாள் அவள், அமுக்கமானியின் முள்ளைப் பார்த்து. “எண்பது.”

கோடு காய்ந்தே இருந்தது.

“நூறு! வேலை செய்யிறது இதிலதானே?” லக்ஷன் கைதட்டினான். “நிண்டிட்டுதே! எங்க அக்கா, உங்கட குண்டு?”

“நூற்றைம்பது மட்டுக்கும் அடியுங்கோ அண்ணை.”

“அடிக்கிறனடி, அடிக்கிறன். உன்ர ஆசை தீர அடிக்கிறன்.”

நூற்றிருபது. ஒரு துளியும் இல்லை. ஆரோ சிரிக்கத் தொடங்கினார்கள். நூற்றிருபத்தைந்து. தான் பிழை விட்டுவிட்டோமோ என்று அவளுக்கே தோன்றியது. நின்றுவிட்டால் கையெழுத்திடத்தான் வேண்டும் என்று பேனையைத் தடவிப் பார்த்தாள். நூற்றுமுப்பதில், தரைக்குள்ளிருந்து போல, தகரம் கிழியும் சத்தம் கேட்டது.

கோட்டிலிருந்து அல்ல. கீழே, செங்கல் கட்டுக்கும் தகட்டுக்கும் இடையிலிருந்து, சாம்பலைக் கரைத்துக்கொண்டு கறுத்த தண்ணீர் கிடையாகச் சீறியது. அப்புத்துரையின் இரண்டு முழங்கால்களிலும் அடித்து அவரைப் பின்னால் தள்ளியது. செல்வநாயகத்தின் பட்டு வேட்டி இடுப்புவரை கறுத்தது. முள் சடாரென்று பூச்சியத்துக்கு விழுந்தது. சீறிய தண்ணீர் சிறிது நேரத்தில் வெறும் வழிசலாகி நின்றது. சுடாத பச்சைத் தண்ணீர். ஒருவருக்கும் காயமில்லை.

தாட்சாயினி சேற்றுக்குள் குப்புறப் படுத்து, கைவிட்டுச் சாம்பலை வாரினாள். அடித்தகடு அப்பளம் மாதிரி இருந்தது. வருடக்கணக்கில் ஈரச் சாம்பல் கிடந்து தின்று முடித்திருந்தது. ஓட்டைக்குள் அவளுடைய பெருவிரல் போனது. சுற்றியிருந்த இரும்பை நகத்தாலேயே பெயர்க்க முடிந்தது. இந்த இடத்தை அவள் நேற்றுப் பார்க்கவில்லை. திருத்திய பகுதியைச் சரிபார்க்க என்று தாளில் இருந்தது. அவள் திருத்திய பகுதியை மட்டும் பார்த்தாள். குனியவே இல்லை.

“என்ர ஒட்டு நிண்டுது!” லக்ஷன் துள்ளினான். “பாத்தியளோ எல்லாரும்? ஒரு துளி வந்ததோ? அவள் காட்டின இடம் ஒண்டு, போன இடம் வேற!”

“நல்லா நிண்ட பொயிலரை அமுக்கி உடைச்சுப்போட்டாள்,” என்றார் செல்வநாயகம். வேட்டியைப் பிழிந்துகொண்டே இன்னொருமுறை சொன்னார். “உடைச்சுப்போட்டாள்.”

“அடிப்பக்கத்தை நான் நேற்றுப் பாக்கேல்லை. அது என்ர பிழை. ஆனா மாமா, இது நீராவியா இருந்தா...”

பிழை என்ற சொல்லுக்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. அந்தச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அவளே ஒத்துக்கொண்டாள், அவளே ஒத்துக்கொண்டாள் என்று வாசல்வரை போனது. ஒரு பெண் மண்ணை அள்ளி அவள் முதுகில் எறிந்தாள். அப்புத்துரை இடுப்பில் நனைந்த சாரத்தோடு நிலத்தில் இருந்தபடி அந்த ஓட்டையைப் பார்த்தார். பிறகு தன் முழங்கால்களைப் பார்த்தார்.

அவள் உமிச் சாக்கின் மேல் தாளை வைத்து எழுதினாள். ஒட்டில் வெடிப்பு உண்டு, வெட்டியெடுத்து மீண்டும் ஒட்ட வேண்டும். அடித்தகடு நூற்றுமுப்பதில் விட்டது. அடித்தகட்டை நான் முதல்நாள் பார்க்கத் தவறினேன். தேறவில்லை. கையெழுத்து, திகதி, நேரம்: எட்டு ஐந்து. செல்வநாயகம் தாளை வாங்க மறுத்தார். படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு, தாளை மேசையில் ஒரு கல்லின் கீழ் வைத்துவிட்டுப் போனாள்.

பீப்பாய்களை வெட்டி அடுப்பு மூட்டி, இரண்டு நாள் முற்றங்களில் நெல் அவித்தார்கள். பாதிகூடத் தப்பவில்லை. மிச்சத்தின் புளித்த நாற்றம் பத்து நாள் ஊரில் நின்றது. கமலாசனிக்கு நான்கு மூட்டை மிஞ்சியது. ஞாயிற்றுக்கிழமை விடிய, வீட்டுப் படலைக்கு முன்னால் ஆரோ ஒரு சாக்குப் புளித்த நெல்லைக் கொட்டியிருந்தார்கள்.

“உன்ர கையெழுத்து வந்து கிடக்கு,” என்றாள் அக்கா. “அள்ளு.”

அள்ளினாள். கொஞ்சம் கோழிக்கு, மிச்சம் வாழையடிக்கு.

கொதிகலனை இனிப் பாவிக்கக் கூடாது என்று நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. சங்கம் கூடி, தாட்சாயினியை ஆலை வளவுக்குள் விடுவதில்லை என்று தீர்மானம் நிறைவேற்றியது. கடிதத்தைப் பற்றித் தீர்மானம் எதுவும் இல்லை.

பங்குனி தொடக்கத்தில் ஒரு காலை அப்புத்துரை வந்து படலையில் சைக்கிளைச் சாத்தினார். உள்ளே வரவில்லை. தேத்தண்ணி வேணுமோ என்று கமலாசனி கேட்கவும் இல்லை.

“நன்றி சொல்ல வந்தனான் எண்டு நினைக்காதை.”

“நினைக்கேல்லை.”

“பத்தொன்பது வருசத்து வேலை போயிட்டுது. உன்னாலதான்.”

“அண்ணை, அந்தத் தகடு...”

“தகட்டுக் கதை எனக்குச் சொல்லாதை. அதுக்கு முன்னால நிண்டது நான்.” துப்பினார். “பரந்தனுக்கு அங்கால ஒரு மில்லில வரச்சொல்லியிருக்கினம். திங்கள் தொடங்க வேணும். அங்க இருக்கிற பொயிலர் எங்கடயை விடக் கிழடு. வந்து பார்.”

“மில்காரர் கூப்பிட்டவையே?”

“உன்ர பேரைச் சொன்னா நாயை அவிட்டு விடுவாங்கள். ஞாயிறு மத்தியானம் கலியாண வீட்டுக்குப் போறாங்கள். பின்வேலியால வா.”

“அவை கேளாமல் நான் கையெழுத்துப் போடேலாது.”

“உன்ர கையெழுத்து எனக்கு என்னத்துக்கு? நக்கிறதுக்கே? நான் அங்க நிக்கிறதோ விடுறதோ எண்டு மட்டும் சொல்லு.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “வாறன். அதுக்கு முன்னம் அடிச் சாம்பலை முழுக்க அள்ளி வையுங்கோ. செங்கல்லையும் இரண்டு வரி கழட்ட வேணும்.”

“நான் என்ன உனக்கு வேலைக்காரனோடி?” என்று சைக்கிளைத் திருப்பி ஏறிப் போய்விட்டார்.

ஞாயிறு மத்தியானம் அவள் பின்வேலியால் குனிந்து உள்ளே போனபோது அப்புத்துரையைக் காணவில்லை. சாம்பல் அள்ளி வெளியே குவித்திருந்தது. செங்கல் மூன்று வரி கழற்றியிருந்தது. அவள் டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மல்லாக்கப் படுத்து, கொதிகலனுக்குக் கீழே தலையை விட்டாள்.